கடல் கடந்து வரும் பெற்றோரும் காத்திருக்கும் கையெழுத்துகளும்



மார்ச் மாதத்தைப் புனித யோசேப்புவின் மாதமாகத் திருச்சபை சிறப்பிக்கின்றது. தச்சராகவும், நீதிமானாகவும், நல்மரணத்தின் பாதுகாவலராகவும் நாம் அவரை அறிவோம். அவருடைய வாழ்வின் இன்னுமொரு பக்கத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. தன் குடும்பத்தின் பெயரை அரச பதிவேடு ஒன்றில் சேர்ப்பதற்காக நெடும் பயணம் மேற்கொண்டவர் அவர். அகுஸ்து சீசரின் கட்டளைப்படி குடிக்கணக்கில் தம்மைப் பதிவு செய்துகொள்ள, நிறைகர்ப்பிணியான மரியாவுடன் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தூரம் அவர் சென்றார் (லூக் 2:1-5). நம் மீட்பர் பிறந்த ஊர் எது என்பதை மனிதக் கண்களின் முன் தீர்மானித்தது ஓர் அலுவலகக் கட்டளையே.

பிள்ளை பிறந்த பின்னர் யோசேப்பு செய்த முதற் செயலை மத்தேயு நற்செய்தி குறிப்பிடுகின்றது. வானதூதர் சொன்னபடியே அவர் அக்குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டார் (மத் 1:25). அக்கால யூத வழக்கில் ஒரு குழந்தைக்குப் பெயரிடுபவர் அதனைத் தம் பிள்ளையாகச் சட்டப்படி ஏற்றுக்கொள்கின்றார். இவ்வாறே இயேசு, யோசேப்பு வழியாகத் தாவீதின் மகன் எனப்பட்டார். இரத்த உறவு இல்லாத ஒருவர் சட்டத்தின் முன் தந்தையாகி, அதன் சுமைகள் அனைத்தையும் ஏற்று, எகிப்துவரை குழந்தையைச் சுமந்து சென்ற வரலாறு நம் விசுவாசத்தின் தொடக்கத்திலேயே இருக்கின்றது.

இன்றும் கடல் கடந்து, கையில் கோப்புகளோடு, ஒரு பிள்ளைக்குப் பெயரிடுவதற்காக வருகின்ற தம்பதியர் உள்ளனர். அவர்களுள் நம் உறவினரும் இருக்கலாம். சட்ட மொழியில் 'மகவேற்பு' எனவும், பேச்சு வழக்கில் 'தத்தெடுத்தல்' எனவும் கூறப்படும் இப்பணியில் அன்பு மட்டும் போதாதா, இத்தனை காகிதங்கள் எதற்கு என்ற கேள்வி பலரிடமும் எழுகின்றது. இவ்வாரம் அதனைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

நம் நாடு கற்ற கசப்பான பாடம்

இலங்கையில் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் 1970களிலும் 1980களிலும் நம் நாட்டிலிருந்து பெருந்தொகையான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அச்சட்டத்தின் நோக்கம் பல இடங்களில் மிதிக்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 குழந்தைகள் இவ்வாறு சென்றதாகப் பின்னாளில் வெளியான செய்திகள் கூறுகின்றன. 'குழந்தைப் பண்ணைகள்' எனப்பட்ட இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து 1987இல் வெளிநாட்டவருக்கான மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1992இல் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டு விண்ணப்பதாரர்கள் அரச இல்லங்களிலும் பதிவு செய்யப்பட்ட சிறுவர் இல்லங்களிலும் இருந்தே பிள்ளைகளை ஏற்கலாம் என வரையறுக்கப்பட்டது.

2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இம்முறைகேடுகளை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அவை நடந்தவையே என அதில் ஏற்றுக்கொண்டார். அங்கு வெளிப்பட்டவற்றுள் மிகக் கொடியது, 'நடிப்புத் தாய்மார்' பற்றிய செய்தி. பெற்ற தாய் அல்லாத பெண்ணொருவர் பணத்துக்காகக் குழந்தையை ஏந்தி வந்து, 'நானே தாய், என் விருப்பத்தோடு கொடுக்கின்றேன்' எனக் கூறிக் கையொப்பமிட்டுச் சென்றுள்ளார்.

முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின் அப்பிள்ளைகள் வளர்ந்து, தம் தாயைத் தேடி இந்நாட்டுக்கு வருகின்றனர். கையில் இருக்கும் பத்திரத்திலுள்ள பெயரைப் பின்தொடர்ந்து ஒரு கிராமத்தைச் சென்றடைகின்றனர். அங்கே அவர்கள் காணும் பெண் தம்மைப் பெற்றவர் அல்லர் என்பதை மரபணுப் பரிசோதனை சொல்கின்றது. அதன்பின் தேடுவதற்கு வேறொரு பெயர் இல்லை. ஒரு நாள் நண்பகலில் ஓர் அலுவலக மேசையில் எழுதப்பட்ட பொய், ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் மூடிவிட்டது.

சுவிற்சர்லாந்து அரசு 2020இலும், நெதர்லாந்து அரசு 2021இலும் இவ்விடயத்தில் தங்கள் பங்கிலான தவறுகளுக்காக வருத்தம் தெரிவித்தன. நெதர்லாந்து 2024இல் வெளிநாட்டு மகவேற்பையே படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. சீனா தன் பிள்ளைகளை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதை, நெருங்கிய உறவினர் தவிர்ந்த ஏனையோருக்கு, 2024இல் நிறுத்தியது. தென்கொரியாவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2025 மார்ச்சில், பெற்றோர் உள்ள குழந்தைகளும் அநாதைகள் எனப் பதியப்பட்டு அனுப்பப்பட்டனர் எனக் கண்டறிந்தது. ஆக, இது நம் நாட்டின் காயம் மட்டுமன்று.

ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு பாதுகாப்பு

இத்தகைய அனுபவங்களின் பின்னணியிலேயே 1993 மே 29ஆம் திகதி ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான மகவேற்புப் பற்றிய சமவாயம் உருவாக்கப்பட்டது. மெக்சிக்கோ, ருமேனியா ஆகிய நாடுகளுடன் இலங்கையும் முதன்முதலில் அதனை ஏற்று உறுதிப்படுத்தியதால் 1995 மே முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இன்று 100இற்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

இச்சமவாயம் விண்ணப்பதாரரின் பிறந்த ஊரையோ கடவுச்சீட்டின் நிறத்தையோ நோக்குவதில்லை. அவர் வழமையாக வாழும் நாடு எது, பிள்ளை வழமையாக வாழும் நாடு எது என்பதையே நோக்குகின்றது. ஆகவே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்து ஐரோப்பாவில் குடியேறிய ஒருவர், இங்குள்ள தன் சொந்தச் சகோதரியின் பிள்ளையைத் தத்தெடுத்து அழைத்துச் செல்ல விரும்பினாலும் இவ்வழியாகவே செல்ல வேண்டும். 'எங்கள் இரத்தம்தானே, எங்களுக்கு எதற்குச் சட்டம்?' என்று கேட்பது பயன் தராது.

வழி எவ்வாறு அமைகின்றது? தம்பதியர் முதலில் தாம் வாழும் நாட்டின் மத்திய அதிகாரபீடத்தை நாட வேண்டும். அங்கு சமூகசேவை அலுவலர் அவர்களது வீடு, வருமானம், உடல்நலம், மணவாழ்வு ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதுவார். அவ்வறிக்கை இலங்கையின் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு அனுப்பப்படும். இங்கு பிள்ளையைப் பற்றிய அறிக்கை தயாரிக்கப்பட்டு, இரு நாட்டு அதிகாரபீடங்களும் இணங்கிய பின்னரே தம்பதியர் பயணம் செய்து மாவட்ட நீதிமன்றத்தின் முன் தோன்றுவர்.

நம் சட்டத்தின் நிபந்தனைகளும் காரணத்தோடு அமைந்தவை. தத்தெடுப்பவர் 25 வயதுக்குக் குறையாதவராகவும், பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். பத்து வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதமும் பெறப்பட வேண்டும். தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பின்னரே பெறப்படலாம் என்பதும், அதற்குப் பணமோ வேறு கைமாறோ வழங்கப்படலாகாது என்பதும் சமவாயத்தின் விதிகள். பிள்ளையின் பூர்வீகத்தைப் பற்றிய தகவல்கள், குறிப்பாகப் பெற்றோர் யார் என்பது, பாதுகாத்து வைக்கப்பட வேண்டும் என்றும் அது பணிக்கின்றது.

நீதிமன்றக் கட்டளை கிடைத்த பின்னும் பணி முடிவதில்லை. பதிவாளர் நாயகம் பேணும் மகவேற்புப் பதிவேட்டில் பிள்ளை பதியப்பட வேண்டும். அதன்பின் கடவுச்சீட்டு, அந்நாட்டின் விசா, மொழிபெயர்ப்புகள், அவற்றுக்கான அத்தாட்சிப்படுத்தல். வீடு திரும்பிய பின்னரும் பிள்ளையின் வளர்ச்சி பற்றிய அறிக்கைகள் இலங்கைக்கு அனுப்பப்பட வேண்டும். பட்டியலைப் படிக்கும்போதே களைப்பு ஏற்படுகின்றதல்லவா? ஆனால் ஒவ்வொரு தாளும் ஒரு கேள்விக்கான விடையாகும். இந்தத் தாய் வற்புறுத்தப்பட்டாரா? இந்தப் பிள்ளை விற்கப்பட்டதா? இவர்கள் பிள்ளையைக் காக்க வல்லவர்களா? நாளை இவன் 'நான் யார்?' என்று கேட்டால் பதில் எங்கே கிடைக்கும்?

விடுமுறை முடிந்தது, விசாரணை முடியவில்லை

நான் அறிந்த ஒரு தம்பதியரின் அனுபவத்தைப் பெயரும் ஊரும் தவிர்த்து இங்கு கூற விரும்புகின்றேன். நம் மண்ணில் பிறந்து, ஐரோப்பிய நாடொன்றில் வாழ்பவர்கள். மணமுடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளைப்பேறு இல்லை. அங்கு மூன்று ஆண்டுகள் காத்திருந்து, உரிய அனுமதிகளைப் பெற்று, நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்காக இங்கு வந்தனர். கணவருக்கு ஐந்து வார விடுமுறை. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தனர்.

மூன்றாம் வாரத்தில் சிக்கல் எழுந்தது. மனைவியின் பெயர் திருமண அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. தந்தையின் பெயரும் முதலெழுத்தும் இடம் மாறுவது நம் மக்களிடையே எத்தனை வழமையான ஒன்று! அதைச் சீர்செய்யச் சத்தியக்கடதாசி, புதிய மொழிபெயர்ப்பு, மீண்டும் அத்தாட்சிப்படுத்தல் என நாட்கள் கடந்தன. விசாரணைத் திகதி பிற்போடப்பட்டது. கணவர் தொழிலுக்குத் திரும்ப வேண்டியவரானார். மீண்டும் வருவதாகக் கூறிச் சென்றார். மனைவி கொழும்பில் சிறு அறையொன்றில் தனித்துத் தங்கினார்.

அவர் நாள்தோறும் இல்லத்துக்குச் சென்று சிறுவனோடு இரண்டு மணிநேரம் இருந்து வருவார். புறப்படும் வேளையில் அவன் வாசல்வரை வந்து, "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்பானாம். "நாளைக்கு வருவன் எண்டு சொல்லலாம் ஃபாதர். அதுக்கு மேல ஒண்டும் சொல்ல ஏலாம இருக்கு" என்று அப்பெண் என்னிடம் கூறினார். நீதிமன்றம் கட்டளையிடும்வரை தன்னை அம்மா என்று அழைக்கச் சொல்லவும் அவர் துணியவில்லை. அன்பில் இத்தகைய கட்டுப்பாடும் ஒரு தவமே.

அந்நாட்களில்தான் சோதனை வந்தது. இடைத்தரகர் ஒருவர் அவரை அணுகி, இத்தனை அலைச்சல் தேவையில்லை என்றார். புதிதாகப் பிறந்த குழந்தையொன்று இருப்பதாகவும், பணம் கொடுத்தால் தம்பதியருக்கே பிறந்ததாகப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெற்றுத் தரலாம் எனவும் கூறினார். உறவினர் சிலரும் "செய்தால் என்ன? ஒரு பிள்ளைக்கு நல்வாழ்வுதானே" என்றனர். அன்றிரவு அப்பெண் கணவருடன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். 'அந்தக் குழந்தைக்கும் ஒரு தாய் இருப்பாளே, அவளை எங்கே எழுதுவார்கள்?' என்று கணவர் கேட்டாராம். அக்கேள்வியோடு அப்பேச்சு முடிந்தது.

பிற்போடப்பட்ட விசாரணை நாளில் கணவர் கடன் வாங்கிய பணத்தில் பயணச்சீட்டுப் பெற்று வந்து சேர்ந்தார். சிறுவனைப் பெற்ற தாயும் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். இளம் பெண். யாரும் வற்புறுத்தினார்களா என்று நீதிபதி அவரிடம் கேட்டார். கேள்வியை மீண்டும் ஒருமுறை, மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அவர் தலைகுனிந்து நின்றார். தமது மகிழ்ச்சியின் நாள் இன்னொருவரின் துயர நாள் என்பதை அத்தம்பதியர் அன்று கண்ணாரக் கண்டனர். நாள்தோறும் செபிக்கும்போது அத்தாயின் பெயரைச் சொல்லி மன்றாடுவது அக்குடும்பத்தின் வழக்கமாகிவிட்டது.

பொய்ச்சான்று சொல்லாதிருப்பாயாக

அன்பானவர்களே, நம் நடுவில் இவ்விடயம் பற்றிய தெளிவு தேவைப்படுகின்றது. வேறொருவரின் பிள்ளையைத் தமக்குப் பிறந்ததாகப் பதிவது சிறு நிர்வாகத் தவறு என்று பலர் எண்ணுகின்றனர். அது எட்டாம் கட்டளைக்கு எதிரானது. பணம் கைமாறுமாயின் ஏழாம் கட்டளைக்கும் எதிரானது. பிள்ளை என்பது நமக்குரிய உரிமைப்பொருள் அன்று, அது கொடை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கின்றது (எண் 2378). அதே மறைக்கல்வி, பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர் கைவிடப்பட்ட பிள்ளைகளை ஏற்பதன் வழியாகத் தம் தாராள அன்பை வெளிப்படுத்தலாம் என்றும் கூறுகின்றது (எண் 2379). கொடையாகப் பெறுவதைத் திருட்டாகப் பெறலாமா?

அலுவலகங்களின் தாமதம் எல்லாம் நியாயமானது என நான் கூறவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2022 ஜனவரி 5ஆம் திகதிய புதன் மறைக்கல்வி உரையில் புனித யோசேப்புவைப் பற்றிப் பேசியபோது, தத்தெடுப்பதை அன்பின் உயர்ந்த வடிவங்களுள் ஒன்றாகப் புகழ்ந்தார். அதேவேளை, நிறுவனங்கள் கவனமாகக் கண்காணிப்பதோடு நடைமுறைகளை எளிதாக்கவும் வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். இரண்டும் ஒருங்கே வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டுத் தாமதம் என்பது அவன் வாழ்வின் கால்பங்கு. கோப்பைக் கையில் வைத்திருக்கும் கத்தோலிக்க அலுவலர் எவரேனும் இதைப் படித்தால், அதனை நினைவிற்கொள்வாராக.

ஆவணம் இல்லாதபோது என்ன நேரும் என்பதை 2004 ஆழிப்பேரலை நமக்குக் காட்டியது. கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தின் கீழ் அனுமதிக்கப்பட்ட குழந்தையை நினைவிருக்கின்றதா? வீட்டிலிருந்த படங்களையும் பிறப்புப் பத்திரத்தையும் கடல் கொண்டுபோனதால், பெற்றோரால் அது தம் பிள்ளை என நிரூபிக்க முடியவில்லை. மரபணுப் பரிசோதனையின் பின்னர், 2005 பெப்ரவரியில்தான் குழந்தை அவர்கள் கரங்களில் ஒப்படைக்கப்பட்டது. ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதியை அந்தத் தாய் அறிவார்.

திருச்சபையின் பதிவேடும் உண்மையைப் பேணும்

நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர்கள் தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளாகவே கருதப்படுவர் எனத் திருச்சபைச் சட்டம் கூறுகின்றது (சட்டம் 110). அவர்களைத் திருமுழுக்குப் பதிவேட்டில் எவ்வாறு பதிவது என்பதற்கும் விதி உண்டு (சட்டம் 877 §3). தத்தெடுத்த பெற்றோரின் பெயர்கள் எழுதப்படும். நாட்டின் பதிவு அவ்வாறு செய்யுமாயின், பெற்ற பெற்றோரின் பெயர்களும் எழுதப்படும். தத்தெடுப்பால் உண்டாகும் உறவு, நேர்வழியிலும் உடன்பிறப்பு நிலையிலும் திருமணத்துக்குத் தடையாகும் (சட்டம் 1094). இரத்த உறவும் அவ்வாறே. பூர்வீகத்தை மறைத்துவிட்டால், நாளை உடன்பிறந்தவர்களே அறியாமல் மணமேடை ஏறும் ஆபத்தும் உண்டல்லவா?

எனவே, நீதிமன்றக் கட்டளை பெறுமுன் 'எங்கள் பெயரைப் போட்டுத் திருமுழுக்குச் சான்றிதழ் தாருங்கள்' என்று பங்குத்தந்தையிடம் கேளாதீர்கள். அவர் மறுப்பது கல்நெஞ்சத்தால் அன்று.

மண்கலத்தில் வைத்த பத்திரம்

இறைவாக்கினர் எரேமியாவின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று இங்கு பொருந்தும் (எரே 32). எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது. எரேமியா காவலில் இருந்தார். நாடு அழியப்போகும் அவ்வேளையில் அவர் ஆண்டவரின் சொற்படி அனத்தோத்திலிருந்த நிலத்தைப் பதினேழு செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, முத்திரையிட்டு, வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரங்களை நெடுநாள் இருக்கும்படி மண்கலத்தில் வைக்கச் செய்தார். தன் கண்கள் காணப்போவதில்லாத ஒரு நாளுக்காக அவர் அப்பத்திரத்தைப் பாதுகாத்தார்.

பிள்ளை ஒருவனைத் தத்தெடுப்பவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும். பிறப்புப் பத்திரத்தின் பிரதி, நீதிமன்றக் கட்டளை, இல்லத்தின் குறிப்புகள், பெற்ற தாயின் பெயர் ஆகிய அனைத்தையும் ஒரு பெட்டியில் பாதுகாப்பாக வையுங்கள். அவை பெற்றோரின் சொத்தல்ல, பிள்ளையின் சொத்து. தான் தத்தெடுக்கப்பட்டவன் என்பதைச் சிறு வயதிலேயே, உங்கள் வாயாலேயே, அன்போடு அவனுக்குச் சொல்லுங்கள். அயலவர் வாயிலிருந்து அவன் அதைக் கேட்கும் நாள் வரவேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து உங்கள் உறவினர் இத்தகைய பணிக்காக வருவார்களாயின், அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். பயணத்துக்கு முன்னரே பெயர்களின் எழுத்துகள் எல்லாப் பத்திரங்களிலும் ஒத்திருக்கின்றனவா என ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடைத்தரகரை அறிமுகம் செய்யாதீர்கள். வறுமையில் வாடும் தாயொருவரை உங்களுக்குத் தெரியுமாயின், அவர் பிள்ளையைக் கேட்பதற்கு முன்னர், அவர் தன் பிள்ளையைத் தானே வளர்க்க உதவ முடியுமா எனச் சிந்தியுங்கள். பெற்ற குடும்பத்தில் வளர்வதே பிள்ளையின் முதல் உரிமை என்பதை ஹேக் சமவாயமும் ஏற்கின்றது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளையை நம் ஊரில் யாரும் 'வாங்கின பிள்ளை' எனச் சொல்லக் கேட்டால், மென்மையாகத் திருத்துங்கள்.

ஏனெனில், அன்பர்களே, நாம் அனைவரும் அத்தகைய பிள்ளைகளே. கிறிஸ்துவின் வழியாகக் கடவுள் நம்மைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டதை விளக்கப் புனித பவுல் தேர்ந்துகொண்ட சொல், அக்கால உரோமைச் சட்டத்தில் தத்தெடுப்பைக் குறித்த சொல்லே (உரோ 8:15, கலா 4:5, எபே 1:5). தத்தெடுக்கப்பட்டவர் அச்சட்டப்படி முழு மகனாகவும் உரிமையாளராகவும் ஆனார். திருமுழுக்கு நாளில் நம் பெயர் பங்கின் பதிவேட்டில் எழுதப்பட்டபோது, நமக்கும் அதுவே நிகழ்ந்தது.

இம்மாதத்தில் நம் குடும்பங்களில் ஒன்றுகூடி இவ்வாறு மன்றாடுவோம்:

புனித யோசேப்பே, உமக்குப் பிறக்காத மகனுக்குப் பெயரிட்டு, அவருக்காக ஊர்விட்டு ஊர் சென்றவரே, பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்குப் பொறுமையையும் நேர்மையையும் பெற்றுத் தாரும். பெற்றவரைப் பிரிந்து இல்லங்களில் வாழும் சிறுவர்களைக் காத்தருளும். பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தனித்து அழும் தாய்மாரைத் தேற்றியருளும். தம் வேர்களைத் தேடி இந்நாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு உண்மையின் வழியைக் காட்டியருளும். ஆமென்.